வறண்ட நிலத்தில் மரம் நட்டால் மண் ஈரம் கூடுமா குறையுமா? அளந்து பார்த்து நடுவதற்கான முழுமையான வழிகாட்டி

மரம் நட்டால் மண்ணில் ஈரம் நிற்கும் என்று சொல்கிறவர்களும் சரி, மரம் தண்ணீரை உறிஞ்சித் தீர்த்துவிடும் என்று சொல்கிறவர்களும் சரி, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் மேல்மண்ணைப் பார்த்திருப்பார், இன்னொருவர் கிணற்றைப் பார்த்திருப்பார். நிழலும் சருகும் உள்ள மரத்தடியில் மேல் 20 செ.மீ. மண் வெட்டவெளியைவிட ஈரமாக இருக்கும்போதே, அதற்கு நேர் கீழே 2 மீட்டர் ஆழத்தில் மண் வெட்டவெளியைவிடக் காய்ந்து கிடக்கலாம். வறண்ட பகுதிகளில் இது சாதாரணமாக நடப்பதுதான். அதனால் கீழே வரும் எல்லாப் படிகளிலும் எனக்கு ஒரே பிடிவாதம்: ஆழத்தில் அளக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள், எத்தனை மரம் நடுவது என்பது உட்பட.

வறண்ட பகுதி என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் முதலிலேயே பார்த்துவிடலாம். ஓராண்டு மழையை, அந்த இடத்தின் வெயிலும் காற்றும் சேர்ந்து ஓராண்டில் ஆவியாக்கக்கூடிய நீரின் அளவால் வகுங்கள். 0.65-க்குக் கீழே வந்தால் அது வறண்ட பகுதி. 0.2 முதல் 0.5 வரை வந்தால் அரை வறட்சி, 0.05 முதல் 0.2 வரை என்றால் கடும் வறட்சி, அதற்கும் கீழே போனால் பாலைவனம். அங்கே எட்டுகிற தூரத்தில் நிலத்தடி நீரோ பாசனமோ இல்லாமல் மரம் நடும் பேச்சே வேண்டாம்.

படி 1: தண்ணீரின் வரவு செலவை எழுதிக்கொள்ளுங்கள்

1 மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். 350 மி.மீ. பெய்யும் இடத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஆண்டுக்கு 350 லிட்டர் கிடைக்கிறது. நீங்கள் எது நட்டாலும் இந்த வரவு மாறாது. பெரும் காடுகள் விடும் நீராவி காற்றோடு போய் வேறொரு பிரதேசத்தில் மழையாக விழுவது உண்மைதான், ஆனால் அது கண்டம் அளவில் நடக்கும் சங்கதி, உங்கள் சில ஏக்கரில் அதை எதிர்பார்த்து நட முடியாது.

மாறுவது செலவுதான். வரும் மழையில் ஒரு பங்கு இலையிலும் கிளையிலும் தங்கி மண்ணைத் தொடாமலே ஆவியாகிறது, ஒரு பங்கு மேலாக ஓடிவிடுகிறது, ஒரு பங்கு மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறது, ஒரு பங்கு வேர் வழியாக ஏறி இலை வழியாக வெளியேறுகிறது, மிச்சம் ஏதாவது இருந்தால் அது வேருக்கும் கீழே இறங்கி நிலத்தடி நீராகிறது. செடி இந்த ஐந்து பங்குகளையும் இடம் மாற்றிப் போடுகிறது. மேலே ஓடிப்போவதையும் மண்ணிலிருந்து ஆவியாவதையும் அது குறைக்கும், இலையில் தங்குவதையும் வேர் குடிப்பதையும் கூட்டும். குறைந்தது பெரிதா கூடியது பெரிதா என்பதுதான் கேள்வி, அதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது.

இலையில் தங்குவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு முறைக்கு 2 மி.மீ.-க்குள் விழும் தூறல் அடர்ந்த இலைக்கூரையைத் தாண்டி மண்ணுக்கு வருவது அபூர்வம், வறண்ட இடங்களில் மழை நாட்களில் கணிசமானவை இப்படிப்பட்ட தூறல் நாட்கள்தான். அடர்த்தியாக நட்டிருந்தால் அந்த மழை முழுக்க இலைகளோடு முடிந்துவிடும்.

அப்புறம், பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும் ஒரு விஷயம். செடியே இல்லாத வெற்று நிலம் தன் ஆழத்து ஈரத்தை நன்றாகவே காப்பாற்றும். வெயில் முதலில் மேல்மண்ணைக் காய வைக்கும், காய்ந்த அந்த அடுக்கே கீழே உள்ள ஈரம் மேலே ஏறுவதைத் தடுக்கும், அதனால் ஆவியாகும் இழப்பு பெரும்பாலும் மேல் 20, 30 செ.மீ.-இலேயே நின்றுவிடுகிறது. 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீரை வெயிலால் எடுக்க முடியாது. வேரால் முடியும். (நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருக்கும் இடங்கள் இதற்கு விதிவிலக்கு, அங்கே நீர் நுண்துளைகள் வழியாகத் தானே ஏறி வந்து உப்பையும் மேலே விட்டுப் போகும்.)

படி 2: உங்கள் மண் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நல்ல மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வடிந்து, மண் தன்னால் பிடித்து வைக்க முடிந்த அளவோடு நிற்கும் நிலையை மேல் எல்லை என்று வைத்துக்கொள்வோம். வேர் எவ்வளவு இழுத்தாலும் வராமல் செடி வாடி, பிறகு மீளாத நிலை கீழ் எல்லை. இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் செடிக்குக் கிடைக்கும் தண்ணீர். தோராயமாகச் சொன்னால் மணலில் கன அளவுப்படி மேல் எல்லை 10%, கீழ் எல்லை 5%, இருமண் பாட்டு நிலத்தில் (மணலும் களியும் கலந்தது) 27%, 12%, களிமண்ணில் 40%, 25%. ஆக ஒரு மீட்டர் ஆழ மணலில் செடிக்குக் கிடைப்பது 50 மி.மீ., இருமண் பாட்டிலும் களிமண்ணிலும் சுமார் 150 மி.மீ.

இதைப் பார்த்துக் களிமண்தான் வறண்ட இடத்துக்கு நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம், நிலைமை பெரும்பாலும் தலைகீழ். 10 மி.மீ. மழை மணலில் 15 செ.மீ.-க்கும் மேல் இறங்கிவிடும், களிமண்ணில் ஐந்தாறு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். மேலே நின்றதை வெயில் எடுத்துக்கொள்ளும், கீழே போனது தப்பிக்கும். மழை குறைந்த இடங்களில் மணற்பாங்கான நிலத்தில் புதர்களும் மரங்களும் செழிப்பாக நிற்பதும், பக்கத்துக் களிமண்ணில் புல் மட்டும் இருப்பதும் இதனால்தான்.

மண் வகையை அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. நனைத்த மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள்: உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மணல், உருண்டை பிடித்து நாடாவாக நீட்டும்போது சீக்கிரம் ஒடிந்தால் இருமண் பாடு, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் நீண்டால் களிமண். ஆழத்தில் பாறையோ சுண்ணாம்புக் கெட்டி அடுக்கோ இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் அந்த ஆழத்தோடு முடிந்தது.

படி 3: நடுவதற்கு முன்பே துளை போடுங்கள்

எல்லோரும் தவிர்க்கும் படி இது. நட்டுப் பத்து வருடம் கழித்து, மண் காய்ந்திருக்கிறதே, மரத்தாலா மழை இல்லாததாலா என்று கேட்டால், ஒப்பிட எதுவும் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நடப்போகும் நிலத்தின் அதே சரிவில், அதே மண்ணில், ஒரு துண்டை ஒன்றுமே நடாமல் விட்டு வையுங்கள். இயல்பாக அங்கே முளைக்கும் புல் பூண்டு அப்படியே இருக்கட்டும். ஓரத்து மரத்தின் வேர் அதற்குள் நுழையாத அளவு தள்ளி இருக்க வேண்டும். மரம் வளரப்போகும் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் விட்டால் பெரும்பாலும் போதும்.

மண் துளைக்கும் கைக்கருவி ஒன்றும், மூடி இறுக்கமாகப் பொருந்தும் சிறு தகர டப்பாக்களும், கிராமில் காட்டும் ஒரு தராசும் போதும். 0–10, 10–20, 20–40, 40–60, 60–80, 80–100 செ.மீ. என்று எடுத்து, அதற்குக் கீழே 20 செ.மீ.-க்கு ஒன்றாகக் குறைந்தது 2 மீட்டர் வரை, முடிந்தால் 3 மீட்டர் வரை போங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று துளையாவது வேண்டும், ஏனென்றால் ஒரே நிலத்தில் இரண்டடி தள்ளினாலே ஈரம் மாறும். மண்ணை எடுத்தவுடன் டப்பாவில் மூடி எடை போடுங்கள், பிறகு 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். ஜிப்சம் நிறைந்த மண் என்றால் இந்தச் சூட்டில் ஜிப்சத்தின் உள்ளே கட்டுண்ட நீரும் வெளியேறி ஈரம் அதிகம் போலக் காட்டும், அதை 50, 60 டிகிரியில் நீண்ட நேரம் உலர்த்த வேண்டும்.

கணக்கு எளிது. டப்பா எடை நீக்கி ஈர மண் 118 கிராம், உலர்ந்தபின் 104 கிராம் என்றால் போன தண்ணீர் 14 கிராம். 14-ஐ 104-ஆல் வகுத்தால் 13.5%. இது எடைக் கணக்கு. மண்ணின் அடர்த்தி ஒரு கன செ.மீ.-க்கு 1.4 கிராம் என்றால் 13.5-ஐ 1.4-ஆல் பெருக்கி 18.9% என்று கன அளவுக்கு மாற்றுங்கள். 20 செ.மீ. தடிமன் அடுக்கில் 18.9% என்றால் 38 மி.மீ. தண்ணீர். இப்படி ஒவ்வொரு அடுக்கையும் மி.மீ.-ஆக மாற்றினால்தான் மழையோடு நேராக ஒப்பிட முடியும். சதவீதத்தை வைத்துக்கொண்டு பேசுவது பாதி வேலைதான்.

துளையை அதே மண்ணால் இறுக்கி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழை அந்த ஓட்டை வழியே நேராகக் கீழே போய் உங்கள் அளவையே கெடுக்கும். அடுத்த முறை துளைப்பது பழைய துளையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மின்னணுக் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இழுவிசையைக் காட்டும் டென்சியோமீட்டர் 80 கிலோபாஸ்கல் அளவைத் தாண்டினால் உள்ளே காற்றுப் புகுந்து செயலிழக்கும், வறண்ட மண் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கும், அதனால் இங்கே அது வீண். மின்தடை பார்த்துச் சொல்லும் மலிவான முட்கருவிகள் சீக்கிரம் அரித்துப் போகும், உப்பு மண்ணில் பொய் சொல்லும். மண்ணின் மின்தேக்குத் திறனைப் பார்த்துச் சொல்லும் கெப்பாசிட்டன்ஸ் வகை பரவாயில்லை, ஆனால் உங்கள் மண்ணிலேயே உலர்த்தி எடை பார்த்து ஒருமுறை சரிபார்க்காமல் அதன் எண்ணை நம்பக்கூடாது.

படி 4: எத்தனை மரம் என்பதைத் தண்ணீர் முடிவு செய்யட்டும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், தோல்விகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சீனாவின் லோயஸ் மேடு காற்றில் பறந்து வந்து படிந்த வண்டல் மண், பல இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் தடிமன். மண்ணரிப்பைத் தடுக்க 1999-இல் அங்கே தொடங்கிய பெரும் திட்டத்தில் சரிவு வயல்களை மரமும் புதரும் புல்லுமாக மாற்றினார்கள். 1999-இல் 31.6% ஆக இருந்த பசுமைப் பரப்பு 2013-இல் 59.6% ஆனது. மண்ணரிப்பு பெருமளவு குறைந்தது, மஞ்சள் ஆற்றில் இறங்கும் வண்டலும் குறைந்தது, அந்த வகையில் அது வெற்றிதான். ஆனால் ராபினியா மரம், காரகானா புதர், குதிரைமசால் போன்ற ஆழவேர்ச் செடிகளை அடர்த்தியாக நட்ட இடங்களில் மழை ஒருபோதும் திரும்ப நிரப்ப முடியாத ஆழத்தில் ஒரு நிரந்தரக் காய்ந்த அடுக்கு உருவானது. வருட மழை மேல் ஒன்றிரண்டு மீட்டரைத்தான் நனைக்கிறது, வேரோ அதைத் தாண்டிப் பல மீட்டர் இறங்கிப் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த பழைய தண்ணீரை எடுத்துவிட்டது. அது தீர்ந்ததும் மரம் சாகாமலும் வளராமலும் குட்டையாகவே கிழடு தட்டி நிற்கும். அந்த மேட்டின் தண்ணீர் தாங்கும் எல்லையைப் பசுமை நெருங்கிவிட்டது என்று 2016-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இதில் ஏமாற்றுவது காலம்தான். முதல் சில ஆண்டுகள் கன்று சிறிது, அது குடிப்பதும் கொஞ்சம், சேமிப்பில் இருந்த தண்ணீரும் கையில் இருக்கிறது, அதனால் நெருக்கி நட்ட தோட்டம்தான் கண்ணுக்கு மிக அழகாகத் தெரியும். உயிர் பிழைத்த கன்றுகளை எண்ணி அறிக்கை எழுதுவதும் அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு யாரும் வந்து எண்ணுவதில்லை.

சரி, கணக்குப் போடலாம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் இடத்து எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். மழை 350 மி.மீ. இதில் ஓடிப்போவது 30, இலையில் தங்குவதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் சேர்த்து 150 என்று வைத்தால் வேருக்கு மிஞ்சுவது 170 மி.மீ., அதாவது சதுர மீட்டருக்கு 170 லிட்டர். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டு சராசரியாக நாளுக்கு 15 லிட்டர் குடிக்கிறது என்றால் ஆண்டுக்கு 5,475 லிட்டர். 5,475-ஐ 170-ஆல் வகுத்தால் ஒரு மரத்துக்கு 32 சதுர மீட்டர் வேண்டும், ஹெக்டேருக்குச் சுமார் 310 மரம். கிணறுகளுக்கும் கொஞ்சம் இறங்கட்டும் என்று 30 மி.மீ. ஒதுக்கினால் மிஞ்சுவது 140, மரத்துக்கு 39 சதுர மீட்டர், ஹெக்டேருக்குச் சுமார் 255 மரம். வழக்கமாக எல்லோரும் நடும் 2-க்கு 2 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 2,500 மரம் வரும், அத்தனையும் வளர்ந்து நின்றால் ஆண்டுக்கு 1,370 மி.மீ. கேட்கும். பெய்வதே 350.

இஸ்ரேலின் நெகேவ் பாலை விளிம்பில் இருக்கும் யாத்திர் காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1960-களில் அலெப்போ பைன் நட்டார்கள், மழை ஆண்டுக்கு 285 மி.மீ. அளவு, இப்போது ஹெக்டேருக்குச் சுமார் 300 மரம் நிற்கிறது. அந்தக் காடு பிழைத்திருக்கிறது, ஆனால் பெய்யும் மழை ஏறக்குறைய முழுவதும் ஆவியாகவும் மரத்தின் மூச்சாகவும் போய்விடுகிறது. காடு வேண்டுமா, கீழே இறங்கும் தண்ணீர் வேண்டுமா என்பதை நடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், இரண்டும் முழுதாகக் கிடைக்காது.

அதற்காக மரமே வேண்டாம் என்றும் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோவில் வயல்களுக்கு நடுவே ஷியா மரங்கள் சிதறி நிற்கும் நிலங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு: மரமே இல்லாத நிலத்தைவிடவும் அடர்ந்த நிலத்தைவிடவும், நடுத்தர அளவில் மரம் இருந்த இடத்தில்தான் நிலத்தடி நீருக்கு அதிகம் இறங்கியது. மரத்தைச் சுற்றி வேரும் கரையானும் மண்புழுவும் போட்ட துளைகள் வழியாக மழை சட்டென்று ஆழத்துக்குப் போய்விடுகிறது, மரம் சிலதே என்பதால் குடிப்பது அதைவிடக் குறைவு.

படி 5: எந்தச் செடி

வேரின் ஆழத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மழை நனைக்கும் ஆழத்துக்குள் வேர் ஓடும் செடிகள் வருட வரவை மட்டும் செலவு செய்யும், மழை இல்லாத ஆண்டில் காய்ந்து மழை வந்ததும் மீளும் புல்லும் சிறு புதரும் இந்த வகை. ஆழவேர் மரம் சேமிப்பில் கை வைக்கும். வெயில் காலத்தில் இலை உதிர்ப்பவை, எப்போதும் பச்சையாக நிற்பவற்றைவிடத் தண்ணீர்ச் செலவில் பொதுவாக மென்மையானவை. வேகமாக வளரும் வெளிநாட்டு இனம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், வேகமாகக் குடிக்கும் என்றும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா 1995-இலிருந்து அரசுத் திட்டம் போட்டு அன்னிய மரங்களை வெட்டுவது ஆறுகளில் தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஆனால் ஆழவேர் வேண்டிய இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதிகளில் ஆழவேர் யூகலிப்டஸை அழித்துப் பயிர் வைத்ததும், குடிக்க ஆளில்லாத தண்ணீர் கீழே இறங்கி நீர்மட்டத்தை உயர்த்தி உப்பை மேலே கொண்டுவந்தது. அங்கே மரம் மண்ணைக் காய வைப்பதுதான் மருந்து.

சில ஆழவேர்ச் செடிகள் இரவில் கீழிருந்து நீரை இழுத்து மேல்மண்ணில் கசிய விடும், அதைப் பக்கத்துப் புல்லும் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மேற்குப் பகுதி சேஜ்பிரஷ் புதரில் இதை 1987-இல் தெளிவாகக் காட்டினார்கள். அழகான ஏற்பாடு, ஆனால் அது புதுத் தண்ணீர் அல்ல, கீழ் அடுக்கிலிருந்து மேல் அடுக்குக்கு மாறியது.

படி 6: விழுந்த மழையை உள்ளே இறக்குங்கள்

கன்றுக்குழியை விட அதைச் சுற்றி மண்ணை எப்படி வடிவமைக்கிறீர்கள் என்பது முக்கியம். சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பு, மேடு நோக்கித் திறந்த பிறை வடிவ வரப்பு, 20–40 செ.மீ. அகலமும் 10–20 செ.மீ. ஆழமும் உள்ள சிறு குழிகளில் தொழு உரம் போட்டு நடும் ‘சாய்’ (zaï) என்ற முறை என்று சஹாராவின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதி விவசாயிகள் செய்வதெல்லாம் ஓடும் நீரை ஒரே இடத்தில் குவித்து, வெயில் எட்டாத ஆழத்துக்கு அனுப்பத்தான். மரங்களுக்கு இடையில் உள்ள வெற்றிடம் வீண் இல்லை, அதுதான் நீர் தரும் நிலம். அதையும் நட்டு நிரப்பினால் குவிக்கத் தண்ணீர் இருக்காது. மூடாக்கை (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) தண்டைத் தொடாமல் கனமாகப் போடுங்கள். மெல்லிய சருகு அடுக்கு சிறு தூறலைத் தானே குடித்துவிடும்.

மேற்பரப்பும் காலத்தோடு மாறும் என்பதை மறக்கக்கூடாது. சீனாவின் ஷாபோதோவில் 1958-இல் ஓடத் தொடங்கிய ரயில் பாதையை மணல் மூடாமல் இருக்க, வைக்கோலை 1 மீட்டர் கட்டங்களாகப் புதைத்து இடையில் புதர்களை நட்டார்கள். மழை ஆண்டுக்கு 200 மி.மீ.-க்கும் குறைவு. மணல் நின்றது. நின்ற மணல் மேல் தூசி படிந்து, பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து ஒரு பொருக்கு உருவானது. முன்பு மணலில் ஆழமாக இறங்கிய மழையை அந்தப் பொருக்கும் நுண்மண்ணும் மேலேயே பிடித்துக்கொண்டன, ஆழத்து ஈரம் குறைந்தது, ஆரம்பத்தில் செழித்த புதர்கள் பின்வாங்க, ஆழமில்லா வேர் கொண்ட புல் பூண்டு இடம் பிடித்தது. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன், மணல் அசையாமல் இருக்கிறது அல்லவா. ஆனால் புதர் நட்டால் புதராகவே இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது பாடம்.

படி 7: எப்போது அளப்பது, எண்களை எப்படிப் படிப்பது

ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: மழைக்காலம் முடிந்தவுடன் ஒன்று, அடுத்த மழை தொடங்குவதற்கு முன் ஒன்று. மரத்தடியில், இலைக்கூரை விளிம்பில், இரண்டு மரங்களுக்கு நடுவெளியில், நடாமல் விட்ட துண்டில் என்று நான்கு இடம். மழைமானி ஒன்று அங்கேயே இருக்க வேண்டும், தொலைவில் உள்ள நிலையத்தின் எண் உதவாது.

மேல் 40 செ.மீ. எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம் வருந்தவும் வேண்டாம், அது போன வாரத்து மழையைத்தான் சொல்லும். 1 மீட்டருக்குக் கீழே மழைக்காலம் முடிந்த பிறகும் எண் ஏறவில்லை என்றால் அந்த ஆண்டுத் தண்ணீர் அங்கே போய்ச் சேரவில்லை. ஓர் ஆண்டு அப்படி என்றால் பரவாயில்லை. சராசரிக்கு மேல் மழை பெய்த ஆண்டிலும் நடாத துண்டில் ஏறி, மரத்தடியில் ஏறாமல், கீழ் எல்லையை ஒட்டியே நின்றால் மரம் அதிகம் என்று பொருள். இலை சிறுத்து உச்சிக் கிளை காய்வது இதற்குப் பிறகுதான் தெரியும், ஆகவே மண்தான் முன்னறிவிப்பு.

அப்போது செய்ய வேண்டியது மரங்களைக் கலைப்பது. மூன்றில் ஒரு பங்கை எடுங்கள், நோயுற்றதையும் நெருக்கத்தில் நசுங்கியதையும் முதலில். வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள், மட்கும் பழைய வேரின் பாதையில் மழை இறங்கும். துளிர்க்கும் இனமாக இருந்தால் துளிரைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் பழைய வேர்ப்பின்னலோடு வரும் துளிர் புதுக் கன்றைவிட அதிகம் குடிக்கும். வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே பரப்பி வையுங்கள். மேல்மண் அடுத்த மழையிலேயே மாறிவிடும். 2 மீட்டருக்குக் கீழே காய்ந்துபோன அடுக்கு நிரம்பப் பல ஆண்டுகள் எடுக்கும், மிக ஆழமாகப் போயிருந்தால் நிரம்பாமலே போகலாம், அதனால் கலைத்த மறுவருடமே எண் ஏறவில்லை என்று இன்னொரு பங்கையும் வெட்டிவிடாமல், குறைந்தது இரண்டு நல்ல மழை ஆண்டுகளின் அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.